டெக்னிக்கல் டைரக்டரை ஸ்டேசன்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சேலம் ஜங்சன்ல ஒருத்தரை வண்டியில ஏத்தி, மோகனூர் கிரவுண்டுல இறக்கி விடோணும்.

அந்த ஒருத்தர், எங்க ஃபுட்பால் கிளப்புக்குப் புதுசாப் போட்ட டெக்னிக்கல் டைரக்டர்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அப்ப வரலை. அதுதான் பிரச்சனையே.

எங்க கிளப்பைப் பத்திச் சொல்லிப்போடறேன். மோகனூர்ல ஒரு பள்ளிக்கூடத்து கிரவுண்டுல ஆடறோம். ஒரு கோல் போஸ்ட் நேரா நிக்கும். இன்னொண்ணு காவேரியைப் பாத்துக் கொஞ்சம் சாஞ்சு நிக்கும். நடுவுல புல்லுன்னு சொல்லிக்க ஏதோ இருக்குது, மாடு வந்தா அதையும் மேஞ்சுட்டுப் போயிரும்.

நான் செயலாளர். தொழில் டயர் கடை. ஃபுட்பாலைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அதுக்கும் காத்து அடிக்கணும்ங்கறது மட்டுந்தான்.

தலைவர் குழந்தைவேல் அண்ணன். ரிக் வண்டி வெச்சு ஊரு ஊராப் போர் போடறவர். எந்தப் பிரச்சனையைக் கொண்டுபோனாலும் அவர்கிட்ட ஒரே பதில்தான். "இன்னும் ஆழமாப் போகோணும்."

கோச், ராஜலிங்கம் மாஸ்டர். அதே பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார். பேச்சு கம்மி, விசில் ஜாஸ்தி.

சென்னையில இருக்கற தலைவரோட மாப்பிள்ளை ஒரு நாள் போன்ல சொல்லிருக்கறார், "மாமா, இப்பெல்லாம் டெக்னிக்கல் டைரக்டர் இல்லாத கிளப்பே இல்லை. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்." அவ்வளவுதான். அன்னைக்குச் சாயங்காலமே கமிட்டி கூடிருச்சு.

மாஸ்டர் கேட்டார், "அவரு வந்து என்னுங்க பண்ணுவாரு?"

தலைவருக்குத் தெரியலை. என்னைப் பாத்தார். எனக்கும் தெரியாது. ஆனா செயலாளர்னு ஒரு நாற்காலியில உக்காந்துட்டா தெரியாதுன்னு சொல்ல முடியுமா? மேசைக்கு அடியில போனை வெச்சு அப்பத்தான் தேடிப் படிச்சிருந்தேன்.

"மாஸ்டர், கோச்சுங்கறவர் இன்னைக்கு மேட்சைப் பாத்துக்குவார். டெக்னிக்கல் டைரக்டர், அஞ்சு வருசம் கழிச்சு கிளப் எப்படி இருக்கணும்னு பாத்துக்குவார்."

"அஞ்சு வருசம் கழிச்சு கிளப் இருக்குமுங்களா?" இப்படிக் கேட்டது எங்க கோல்கீப்பர் செல்வராசு. லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில பெயின்டர்.

"இருக்கோணும்னுதானப்பா அவரைக் கூப்புடறோம்"னேன்.

எல்லாரும் தலையாட்டினாங்க. என்ற வாழ்க்கையில நான் பேசி ஒரு கூட்டம் தலையாட்டினது அன்னைக்குத்தான். எங்க ஊட்டுல நான் பேசறப்ப மின்விசிறி மட்டுந்தான் தலையாட்டும். அந்த மப்பு இறங்கறதுக்குள்ள தீர்மானம் நிறைவேறிப் போச்சு.

தலைவர் எந்திரிக்கும்போது இன்னொண்ணும் சொன்னார். "வாழப்பாடியோட அரையிறுதி வருதில்ல, அன்னைக்கே அவரை வரச் சொல்லிரு. நாம இதுவரைக்கும் ஃபைனலைப் பாத்ததில்லை. இந்தத் தடவையும் தோத்தா, மாஸ்டர், நான் கோச்சை மாத்தறதைப் பத்தி யோசிக்க வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

மாஸ்டர் விசிலை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார்.

அப்படித்தான் நான் தலைவரோட ஜீப்பை எடுத்துக்கிட்டு சேலம் ஜங்சன்ல போய் நின்னேன். மேட்ச் சாயங்காலம் நாலு மணிக்கு. போற வழியில சேலத்துக் கடையில புது ஜெர்சி மூட்டையையும் வாங்கிப் பின்னாடி போட்டாச்சு. எல்லாம் சுத்தமா நடந்துக்கிட்டு இருந்துச்சு.

ரயில் லேட்டு. உச்சி வெயில்ல வந்து நின்னுச்சு.

ஆளு இறங்கினார். பேரு பிரதீப். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கறுப்புக் கண்ணாடி, ட்ராக் சூட், கழுத்துல எதுவும் தொங்காத ஒரு கயிறு. கை குடுத்தார். கை குடுக்கும்போதே போன் பாத்தார்.

"சரவணன், மேட்ச் அப்புறம். எனக்கு முதல்ல உங்க கேட்ச்மென்ட் ஏரியாவைப் பாக்கணும்."

இங்கதான் கதை தடம் மாறுது.

சேலம் ஜில்லாவுல பொறந்து வளந்தவனுக்கு கேட்ச்மென்ட் ஏரியான்னா ஒண்ணுதான் தெரியும். தினமும் செய்தியில கேக்கறோம். நீர்ப்பிடிப்புப் பகுதியில மழை, மேட்டூர் அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு. பால்காரரைக் கேட்டாலும் சொல்லுவார்.

வேற யாராச்சும்னா, இவருக்கு எதுக்கு டேமுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருப்பாங்க. நானும் யோசிச்சேன். அதுதான் இன்னும் கேவலம். கிளப் நல்லா இருக்கணும்னா கிரவுண்டுல புல்லு வளரணும். புல்லுக்குத் தண்ணி வேணும். மோகனூர்ல தண்ணின்னா காவேரி. காவேரின்னா மேட்டூர். மனுசன் எவ்வளவு ஆழத்துல இருந்து ஆரம்பிக்கறார் பாருன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

"முழுசாப் பாக்கணும்னா குடகு வரைக்கும் போகணுங்க சார்"னேன்.

அவர் போன்ல இருந்து தலையைத் தூக்கலை. "அவ்வளவு தூரத்துல இருந்தா வருது?"

"அங்கிருந்துதானுங்க சார் வருது."

"கிரேட். இன்னைக்குப் பக்கத்துல இருக்கறதைப் பாத்துடலாம்."

மோகனூர் தெக்க இருக்குது. நான் ஓமலூர் ரோட்டுல வடக்க திரும்பினேன்.

மேச்சேரிகிட்ட போகும்போது ரோடு பூரா ஆடு. பட்டிபட்டியா ஓட்டிக்கிட்டுப் போறாங்க. ஹாரன் அடிச்சா திரும்பிப் பாத்துட்டு, இன்னும் மெதுவா நடக்குதுங்க. வண்டியை நிறுத்திட்டேன்.

பிரதீப் சார் போன்ல ஏதோ தட்டிக்கிட்டே கேட்டார், "இந்தப் பக்கமெல்லாம் நல்லா ஆடுவாங்களா?"

எனக்குக் காதுல விழுந்தது வேற. கண்ணு முன்னாடி அத்தனை ஆடு நிக்குது. 'நல்ல ஆடு வாங்கலாமா'ன்னு கேக்கறார்னு நினைச்சுட்டேன்.

"தாராளமாங்க சார். வெளியூர்ல இருந்தெல்லாம் இங்க வந்துதான் புடிச்சுக்கிட்டுப் போவாங்க."

"அப்படியா? ஸ்டாமினா எப்படி?"

"வெயில்ல எத்தனை தூரம் வேணாலும் நடக்குமுங்க. கால் நல்ல பலமுங்க."

அவர் அதைப் போன்ல குறிச்சுக்கிட்டார். "சின்ன வயசுலயே எடுத்துடுவாங்களா?"

"ஆறு மாசத்துலயே புடிச்சுருவாங்க சார்."

"ஆறு மாசமா?"

"அதுக்கப்புறம் விட்டா கறி முத்திருங்க."

அப்பத்தான் மனுசன் முதல் தடவையா வெளிய பாத்தார். ஜன்னல்கிட்ட ஒரு செவலைக் கிடா நின்னு அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பாத்துக்கிட்டாங்க.

"நான் ப்ளேயர்ஸைப் பத்திக் கேட்டேன்"னார்.

"ஓ, அதுங்களா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன். இதுக்கு மேலயாச்சும் நான் எங்க போறோம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். ஆனா அவர் பெரிய ஆளு, நான் செயலாளர். ரெண்டு பேருக்குமே தெரியாதுன்னு காட்டிக்கப் புடிக்கலை.

மேட்டூர் டேம் வந்துச்சு. வண்டியை ஓரங்கட்டி இறங்கினோம். ஒரு பக்கம் தண்ணி கடல் மாதிரி கிடக்குது, இன்னொரு பக்கம் மதகுல கொட்டுது. நான் கையை அகலமா விரிச்சு, ஏதோ நானே கட்டின மாதிரி, "இதுதானுங்க சார்"னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாத்தார்.

"பசங்க எங்க?"

"பசங்களை இங்க தண்ணியில இறங்க விடமாட்டாங்க சார்."

"சரவணன். கேட்ச்மென்ட் ஏரியான்னா, உங்க கிளப்புக்கு எந்தெந்த ஊர்ல இருந்து பசங்க விளையாட வர்றாங்களோ, அந்த ஏரியா."

நான் தண்ணியைப் பாத்தேன். அதுல இருந்து யாரும் வரலை.

இதைச் சாதாரணமா "பசங்க எந்த ஊரு?"ன்னு கேட்டிருந்தா மோகனூர்னு ஒரே வார்த்தையில சொல்லி, நேரா கிரவுண்டுக்குப் போயிருப்பேன். சின்ன வார்த்தையில முடியறதுக்குப் பெரிய வார்த்தை போடறதுக்குத்தான் இவிய படிச்சுப்போட்டு வாராங்க போல.

அந்த நேரம் பாத்து போன். மாஸ்டர்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கறோமுங்க மாஸ்டர்."

"என்னுங்க அது, தண்ணி கொட்டற சத்தம்?"

"மழைங்க."

"இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. சரி, ஜெர்சி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

ஜெர்சி. ஜீப்புக்குள்ள மூட்டையா, என்னோட சேந்து டேமைச் சுத்திப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

பழைய ஜெர்சியை எல்லாம் என்ன பண்ணோம்னு கேக்காதீங்க. புதுசு வருதேன்னு நான்தான் பட்டறைக்கு வண்டி தொடைக்கக் குடுத்துட்டேன். நாலு மணிக்கு ஒரே மாதிரி சட்டையில, முதுகுல நம்பரோட இறங்கலைன்னா ஆடாமயே தோத்ததா எழுதிருவேன்னு ரெஃப்ரி சொல்லிட்டாராம்.

சங்ககிரி, திருச்செங்கோடு வழியா ஓட்டினேன் பாருங்க, டயர் கடைக்காரனா எனக்கே என்ற டயரை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. பக்கத்துல பிரதீப் சார், இந்த அனுபவத்துல இருந்து கிளப் என்ன கத்துக்கணும்னு பேசிக்கிட்டே வந்தார். 'கம்யூனிகேசன்'ங்கற வார்த்தை மட்டும் நாமக்கல் வரைக்கும் வந்துச்சு.

நாங்க கிரவுண்டுக்குள்ள நுழையறோம், பாதி மேட்ச் முடிஞ்சு இடைவேளை விசில் ஊதறாங்க.

எங்க பசங்க எல்லாரும் தலைவரோட ரிக் கம்பெனி பனியனைப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க. நெஞ்சுல "போர்வெல் போட அணுகவும்." முதுகுல பெயின்ட்ல நம்பர். செல்வராசு பட்டறையில இருந்து டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டாந்து கையாலயே எழுதிருக்கறான். லாரிக்கு எழுதற கை. ஒவ்வொரு நம்பருக்கும் நிழல் விழுது, எட்டுக்குச் சுத்தியும் பூ. பெயின்ட் காயறதுக்குள்ள மேட்ச் ஆரம்பிச்சுட்டாங்க. மோதினவன் மேலயெல்லாம் ஒட்டி, வாழப்பாடிக்காரங்க சட்டையிலயும் எங்க நம்பர் பாதிபாதி இருந்துச்சு.

ஸ்கோர் என்னன்னு பயந்துக்கிட்டே கேட்டேன்.

"ரெண்டு, ஒண்ணுமில்லை"ன்னார் மாஸ்டர்.

"போச்சுங்களா?"

"நமக்குத்தானுங்க ரெண்டு."

மாஸ்டர் மொகத்துல சிரிப்புன்னு ஒண்ணை நான் பாத்தது அப்பத்தான். ஜெர்சி இல்லாம, செயலாளர் இல்லாம, டெக்னிக்கல் டைரக்டர் இல்லாம பசங்க ரெண்டு கோல் போட்டிருக்கறாங்க. அத்தோட நான் பிரதீப் சாரை நல்ல நிழலாப் பாத்து உக்கார வெச்சு ஒரு இளநி வெட்டிக் குடுத்திருக்கணும்.

அவர் நேரா பசங்க நடுவுல போய் நின்னுட்டார்.

"வாழ்த்துகள். ஆனா நாம ஆடறது தப்பு."

ரெண்டு கோல் போட்ட பசங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"கீப்பர், நீங்க ஏன் பந்தை அவ்வளவு தூரம் உதைக்கறீங்க?"

"தூரமாப் போனாத்தானுங்க சார் கோலுக்குள்ள வராது"ன்னான் செல்வராசு.

"இல்லை. மாடர்ன் ஃபுட்பால்ல கீப்பர்தான் முதல் அட்டாக்கர். பந்தைப் பக்கத்துல இருக்கற டிஃபன்டருக்குச் சின்னதாப் போடணும். ஆட்டத்தைப் பின்னாடி இருந்து கட்டணும்."

"பாடி கட்டற மாதிரிங்களா சார்?"

"எக்ஸாக்ட்லி."

அதோட நிறுத்தலை. இடது பக்கம் ஓடறவனை வலது பக்கம் போட்டார். வலது பக்கம் ஓடறவனை நடுவுல போட்டார். நடுவுல இருந்தவன் எங்க போறதுன்னு கேட்டதுக்கு, "நீங்க ஸ்பேஸைத் தேடுங்க"ன்னார். பாவம், அவன் கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே இருந்தான்.

மாஸ்டர் என்கிட்ட வந்தார். மெதுவாத்தான் கேட்டார். "சரவணன், அஞ்சு வருசம் கழிச்சுப் பாக்கறவர்னுதானுங்களே சொன்னீங்க? இது இடைவேளைங்க. நம்ம கிரவுண்டுல சின்னப் பாஸ் போட்டா கல்லுல பட்டுத் திரும்பும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு."

சொல்லிருக்கலாம். ஆனா தலைவர் பக்கத்துல நின்னு பிரதீப் சாரை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கறார். இவரைக் கொண்டாந்ததே என்ற பேச்சுத்தான். பாதி நாள் இவரை டேம்ல வெச்சிருந்ததை இன்னும் தலைவர்கிட்ட நான் சொல்லலை.

"சார் சொல்றதையும் செஞ்சுதான் பாப்போமேங்க மாஸ்டர்"னேன்.

மாஸ்டர் சரின்னு தலையாட்டிட்டுப் போய் உக்காந்துட்டார்.

இடைவேளை முடிஞ்சுது. பந்து செல்வராசு கைக்கு வந்துச்சு. ஓங்கி உதைக்கறதுக்குக் காலைத் தூக்கினான். ஓரத்துல இருந்து பிரதீப் சார், "சின்னதா, சின்னதா"ன்னார். செல்வராசு காலை இறக்கி, கொழந்தைக்கு உருட்டி விடற மாதிரி டிஃபன்டருக்கு உருட்டினான். பந்து ஒரு மண்கட்டியில பட்டுச்சு. நின்னுச்சு. வாழப்பாடிக்காரன் ஒருத்தன் சாவகாசமா வந்து, அதை எடுத்து கோலுக்குள்ள போட்டுட்டுப் போனான்.

"குட். ஐடியா கரெக்ட். திரும்பப் பண்ணுங்க"ன்னார் பிரதீப் சார்.

திரும்பப் பண்ணினான். திரும்ப அதே மாதிரி ஆச்சு. இந்தத் தடவை வேற கட்டி.

மூணாவது கோலை நான் பாக்கலை. இடதுல இருந்து வலதுக்குப் போனவனும் வலதுல இருந்து நடுவுக்கு வந்தவனும் மோதி, பெயின்ட் ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சு. பிரிச்சு விட நான் ஓடிக்கிட்டு இருந்தேன். பின்னாடி வாழப்பாடி பக்கம் சத்தம் கேட்டுது. அவ்வளவுதான். மூணுக்கு ரெண்டு.

மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பிரதீப் சார் மட்டும் உற்சாகமா இருந்தார்.

"ரிசல்ட்டைப் பாக்காதீங்க. ப்ராசஸைப் பாருங்க. ரெண்டாவது பாதியில பந்து அதிகமா நம்மகிட்டதான் இருந்துச்சு."

"ஆமாங்க சார், வலைக்குள்ள இருந்து ஒவ்வொரு தடவையும் எடுத்தாந்தது நாங்கதானுங்களே"ன்னான் செல்வராசு.

யாரும் சிரிக்கலை. தலைவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஸ்டர், சார் இவ்வளவு தெளிவாச் சொல்றார். நம்ம பசங்களுக்கு ஏன் அது வரலை? அடிப்படையே சரியில்லையாட்ட இருக்குதே?"

ரெண்டு கோல் போட வெச்சவரைப் பாத்து இந்தக் கேள்வி.

செல்வராசு முன்னாடி வந்தான். "அண்ணா, பந்தை உருட்டுனது நானுங்க. உருட்டச் சொன்னது அவருங்க. மாஸ்டரை எதுக்குங்க கேக்கறீங்க?"

தலைவர் என்னைப் பாத்தார். நான் என்ன சொல்றேன்னு எல்லாரும் பாத்தாங்க.

நான் ஜீப் சாவியைப் பாத்தேன்.

மாஸ்டர் சட்டைப்பையில இருந்து விசிலை எடுத்து என்ற கையில வெச்சார். கோவமெல்லாம் இல்லை. "பசங்களுக்கு முட்டியில அடிபட்டிருக்குதுங்க, ஐஸ் வெக்கச் சொல்லுங்க"ன்னார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டார். அவர் கேட்டைத் தாண்டற வரைக்கும் அந்த விசில் சூடாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு நான் பண்ணினதுல எது கேவலம்னு கேட்டா டேமைச் சொல்லமாட்டேன். சாவியைப் பாத்ததைத்தான் சொல்லுவேன்.

இப்ப எங்க கிளப்புல டெக்னிக்கல் டைரக்டர் இருக்கறார். கோச் இல்லை. பிரதீப் சார் சென்னையில இருந்து போன்ல படம் போட்டு அனுப்புவார். பூரா அம்புக்குறி. பசங்க அதைப் பாத்துட்டு, இது எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு வழியான்னு கேக்கறாங்க. சாயங்காலம் விசில் ஊதறது நான். எப்ப ஊதணும்னு தெரியாததால, அவங்க களைச்சுப் போன மாதிரி தெரிஞ்சா ஊதறேன்.

போன வாரம் வாழப்பாடி கிளப் செயலாளர் நாமக்கல் பக்கம் ஒரு விசேசத்துக்கு வந்தவர், டயர் பஞ்சராகி என்ற கடைக்கே வந்து நின்னார். ஃபைனல்ல ஜெயிச்சுட்டாங்களாம். மொகத்துல அப்படி ஒரு களை.

"உங்க ராஜலிங்கம் மாஸ்டர் இப்ப எங்ககிட்டதாங்க வர்றார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பஸ் ஏறி வந்துடறார். பசங்க அவர்மேல உசுரா இருக்காங்க"ன்னார்.

நான் டயரைக் கழட்டினேன்.

அவர் குனிஞ்சு, ரகசியம் கேக்கற மாதிரி கேட்டார். "எங்க தலைவரும் ஒரு டெக்னிக்கல் டைரக்டர் போடலாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காருங்க. நீங்க அனுபவப்பட்டவர், சொல்லுங்க. டெக்னிக்கல் டைரக்டர் வெச்சா கிளப்புக்கு நல்லதுங்களா?"

"ரொம்ப நல்லதுங்க"ன்னேன். "நாங்க வெச்சோம், உங்க கிளப் நல்லா இருக்குதில்லைங்களா?"